மீதியெல்லாம் மழை

என் வீட்டுக்காரர் பொய் சொல்கிறவர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். மணியம் பொய் சொல்ல மாட்டார். எதிரில் நிற்பவருக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லிவிடுவார், அவ்வளவுதான். அதைச் சொல்வதற்கு முன்னால் மழையைப் பற்றி, மில் வாசலில் நிற்கும் வரிசையைப் பற்றி, பகாவ் சாலையில் எந்த வளைவில் குழி விழுந்திருக்கிறது என்பதைப் பற்றி ஒரு பாட்டம் பேசுவார். தோட்டத்துச் செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றி எண்ணெய் மில்லுக்குக் கொண்டுபோவது அவர் வேலை. நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்து ஓட்டுகிற மனுஷன், இறங்கி வாய் திறந்தால் மூடுவதில்லை. கல்யாணமான புதிதில் இதையெல்லாம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டிருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

இந்த வாயால்தான் எங்கள் மகள் நிவேதிதாவுக்கு மூன்று உத்தியோகங்கள் கிடைத்தன. மூன்றும் அவளுக்கே தெரியாது.

பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்ததும் அவளுக்குக் கோலாலம்பூரில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. ஆங்கில இலக்கியம். தவறிக் கிடைத்ததல்ல, அவள் கேட்டு வாங்கியதே அதுதான். செய்தி கேட்டு என் தம்பி இராஜமாணிக்கம் தம்பினிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அவனுக்கு அங்கே சொந்தமாக லாரி கம்பெனி இருக்கிறது. எங்கள் வீட்டில் முதலில் தோட்டத்தை விட்டு வெளியே போய் ஆளானவன் அவன். அதனால் யார் என்ன படிக்க வேண்டும் என்று சொல்கிற உரிமையும் தனக்கே என்று நினைப்பு.

“கதைப் புஸ்தகம் படிக்க யூனிவர்சிட்டி எதுக்குக்கா? வூட்ல உக்காந்து படிச்சா எழுத்து தெரியாதா?” என்றான்.

“மாமா, வேலையெல்லாம் இருக்கு மாமா” என்றாள் நிவேதிதா. “டீச்சர் ஆகலாம். பத்திரிகைக்குப் போகலாம். புஸ்தகம் போடற கம்பெனி இருக்கு, வெளம்பரக் கம்பெனி இருக்கு, எம்பசியில கூட எடுக்கறாங்க.”

“எல்லா வேலைக்கும் போகலாம்னா, எந்த வேலையும் ரெடியா இல்லன்னு அர்த்தம்லா. நர்ஸுக்குப் படிச்சா நர்ஸு. கணக்கு படிச்சா கணக்குப்புள்ள. இதுக்குப் படிச்சா நீ யாரு?”

எனக்கு வந்ததே கோபம்! “அவ யாருன்னு அவ படிச்சுட்டு வந்து சொல்லுவா. நீ சாப்பிடு” என்று தட்டில் சோற்றைப் போட்டேன். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். அவள் படிக்கட்டும். பட்டம் வாங்கிய பிறகு வருகிற எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குள் அந்தப் படிப்புக்கு ஏற்ற வேலை கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் மறுநாளே தம்பினுக்குப் போய் மாமா ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக உட்கார வேண்டும். மணியம் இதற்குச் சம்மதம் சொல்ல அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். அந்த வருஷத்து மழையிலிருந்து ஆரம்பித்தார்.

சும்மா சொல்லக்கூடாது, என் தம்பி கெட்டவன் இல்லை. அக்கா மகள் பட்டத்தை வைத்துக்கொண்டு வேலையில்லாமல் நிற்கக்கூடாது என்கிற பயம் அவனுக்கு. அவள் கடைசி வருஷம் படிக்கும்போதே அவளுக்காக ஒரு சுழல் நாற்காலி வாங்கிப் போட்டு, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். முதுகுக்கு மெத்தை, கை வைக்க இடம், சுற்றியிருந்த பிளாஸ்டிக் கூடப் பிரிக்கவில்லை. நிவேதிதா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்ல நாற்காலிதான்மா” என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இதற்கிடையில் கோப்பிக் கடையில் எல்லாரும் மணியத்தைக் கேட்க ஆரம்பித்தார்கள். மகள் என்ன படிக்கிறது? முதலில் உள்ளதைத்தான் சொன்னாராம். “இங்கிலீஷா? அதான் ஸ்கூல்லயே படிச்சுச்சே, இன்னும் முடியலையா?” என்று ஒருவன் கேட்க, கடையே சிரித்திருக்கிறது. அதற்குப் பிறகு அவர் உள்ளதைச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

கோயில் தலைவர் தேவன் கேட்டபோது, வக்கீலுக்கு என்றார். கோயில் நில வழக்குக்கு ஒரு வக்கீல் அகப்பட மாட்டாரா என்று தேவன் ஏங்கிக்கொண்டிருந்த நேரம் அது. மாதர் குழுத் தலைவி வள்ளியம்மா கேட்டபோது, டீச்சருக்கு என்றார். வள்ளியம்மாவுக்கு டீச்சர் என்றால் சாமிக்கு அடுத்தபடி. இளைஞர் மன்றத்துச் சிவா கேட்டபோது, டிவியில் செய்தி வாசிப்பதற்கு என்றார். சிவா உடனே கோப்பிக்குக் காசு கொடுத்துவிட்டானாம்.

எனக்கு வக்கீல் விஷயம் மட்டும் காதில் விழுந்தது. “ஏங்க, நம்ம புள்ள எப்பங்க வக்கீலாச்சு?” என்று பிடித்துக்கொண்டேன்.

“நான் எங்க சொன்னேன், தனம்? தேவன்தான் வக்கீலான்னு கேட்டான். பாவம், மனுசன் ஆசையா கேக்கறான். நான் இல்லன்னு சொல்லல, அவ்ளோதான்.”

“நல்லா இருக்குங்க நீங்க இல்லன்னு சொல்லாத அழகு” என்று உள்ளே போய்விட்டேன். மற்ற இரண்டையும் அன்றைக்கே தோண்டி எடுத்திருக்க வேண்டும்.

நிவேதிதா பட்டம் வாங்கி வீட்டுக்கு வந்தாள். வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு பள்ளிக்கூடம், டீச்சர் பயிற்சி இல்லையே என்றது. ஒரு விளம்பரக் கம்பெனி, கூப்பிடுகிறோம் என்று சொல்லிக் கூப்பிடவே இல்லை. அப்புறம் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கம்பெனி அவளுக்குத் தேர்வு வைத்தது. டிவியில், போனில் படம் ஓடும்போது அடியில் எழுத்து ஓடுமே, சப்டைட்டில், அதை எழுதுகிற கம்பெனி. மனிதர் பேசுவதை எடுத்து, இங்கிலீஷில் ஒரு நேரத்துக்கு இரண்டே வரி. அதற்கு மேல் போனால் பார்க்கிறவனால் படிக்க முடியாதாம். உங்கள் ஊரில் நன்றாகப் பேசுகிற ஒருவரைப் படம் பிடித்து, அப்படி எழுதி அனுப்பு என்று சொல்லியிருந்தார்கள்.

நன்றாகப் பேசுகிறவரைத் தேடி அவள் எங்கே போவாள்? அப்பா லாரியை விட்டு இறங்கி வந்ததும் போனை நீட்டி, “ஏம்ப்பா இன்னிக்கு லேட்டு?” என்று கேட்டாள். முடிந்தது கதை. நான் சோறு வடித்து, குழம்பு கூட்டி, துணி மடித்து வைத்து வந்து பார்க்கிறேன், அவர் இன்னும் மில் வாசலுக்கே வந்து சேரவில்லை.

அதை இரண்டு வரி இரண்டு வரியாக வெட்ட அவள் சமையலறை மேசையிலேயே குடியிருந்தாள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“இதுக்கா இத்தன வருசம் படிச்ச?”

“இதுக்குந்தான்மா. ஒரு ஆளு நெறைய பேசறாரு. எதுக்காகப் பேசறாருன்னு அதுல ஒரு எடம் ஒளிஞ்சிருக்கும். கதையிலயும் நாடகத்துலயும் நாங்க அதத்தான் தேடுனோம். அந்த எடத்தக் கெட்டியா புடிச்சுக்கிட்டு மத்தத விட்டுடலாம்.”

“உங்கப்பா பேச்சுல அந்த எடம் எங்க இருக்கு?”

“இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்” என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அனுப்பிவிட்டாள். திருவிழா முடிந்த வாரத்தில் முடிவு சொல்வோம் என்று பதில் வந்தது. முடிந்த வாரத்தில்! என் தம்பியோடு பேசிய கெடு திருவிழாவோடு போய்விடுகிறது. கெடுவை நீட்டிக் கேட்கலாமா என்றேன். வேண்டாம் என்றாள். பேச்சு பேச்சுதானாம். நல்லா வளர்த்தேன் போங்கள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் யாராவது பட்டம் வாங்கினால் அந்த வருஷத் திருவிழாவுக்கு அவர்கள் படம் போட்ட பேனர் ஏறும். பட்டமளிப்பு ஜுபாவை, அந்த நீள அங்கியை, மாட்டிக்கொண்டு அம்மன் முன்னால் வந்து நிற்க வேண்டும். பூசை முடிந்ததும் மைக்கில் பேர் சொல்லி மாலை போடுவார்கள். எப்போதும் கோயில் கமிட்டிதான் பேனர் அடிக்கும். இந்த வருஷம் பட்டம் வாங்கியது நிவேதிதா ஒருத்திதான் என்பதால் மாதர் குழுவுக்கும் ஆசை, இளைஞர் மன்றத்துக்கும் ஆசை. ஒருவருக்கொருவர் சொல்லாமல், திடீரென்று அசத்துவோம் என்று ஆளுக்கொரு பேனர் அடித்துவிட்டார்கள்.

திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்குப் போகிற வழியில் பார்த்தேன். பெரிய ரோட்டு முனையில், “செய்தி வாசிப்பாளர் நிவேதிதா மணியம்.” பள்ளிக்கூடச் சுவரில், “ஆசிரியை நிவேதிதா மணியம்.” கோயில் வளைவில் எல்லாவற்றையும் விடப் பெரிதாக, “எங்கள் தோட்டத்தின் முதல் வழக்கறிஞர்.” மூன்றிலும் ஒரே ஜுபா, ஒரே சிரிப்பு. படம் யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

நாற்றுப் பண்ணையில் என்னோடு செம்பனைக் கன்றுக்கு மண் நிரப்புகிற குமுதவல்லி விடவே இல்லை. “ஏன் தனம், உன் மக காலைல கோர்ட்டு, மத்தியானம் ஸ்கூலு, சாயந்தரம் டிவியா? சோறு எப்ப திங்கும்?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது.

நிவேதிதாவும் முதலில் சிரிக்கத்தான் செய்தாள். மூன்றையும் போனில் படம் பிடித்துச் சிநேகிதிகளுக்கு அனுப்பினாள். சாயந்தரம் பாத்திரம் கழுவும்போது, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“அம்மா, நான் படிச்சத வெளிய சொல்ல அப்பாவுக்கு வெக்கமா?”

இல்லை என்று வாய்வரை வந்தது, ஆனால் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. “அவரையே கேளு” என்றேன். அவர் அகப்பட்டால்தானே? மனுஷன் லாரியைக் கழுவுகிறேன் என்று போனவர், கழுவிய லாரியையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை திருவிழாவுக்கு இராஜமாணிக்கம் வந்து இறங்கினான். மூன்று பேனரையும் கடந்துதானே வர வேண்டும். “என்ன மச்சான், மூணு வேலை கெடச்சிருக்கு போல. என் ஆபீசு பத்தாது உங்க மகளுக்கு” என்றான். மணியம் வேட்டியைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டார். “நாளைக்குக் காலைல பொறப்படலாம், ஆயி” என்று நிவேதிதாவிடம் சொன்னான். அவள் முந்தின நாளே பையைக் கட்டி வைத்திருந்தாள்.

பூசை முடிந்தது. தோட்டத்துக்குப் புதிதாக வந்த மேனேஜர் சிறப்பு விருந்தினர். கிளந்தான் மாநிலத்துக்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது, தோட்ட ஆபீசில் இங்கிலீஷில்தான் பேசுவார். மேடையில் நடப்பதைச் சொல்ல அவர் பக்கத்தில் நிவேதிதாவை உட்கார வைத்தார்கள். ஜுபாவோடு போய் உட்கார்ந்தாள். அவர்களுக்குப் பின்வரிசையில் நானும் தம்பியும்.

தேவன் மைக்கைப் பிடித்தார். முகம் கடுகடு என்று இருந்தது. “நம்ம புள்ளைக்கு மாலை போடறதுக்கு முன்னால ஒரு விஷயம். மூணு பேனர் தொங்குது. மூணுல எது சரின்னு மணியம் அண்ணனே வந்து சொல்லிடட்டும்லா.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மணியம் எழுந்து போனார். மைக்கை வாங்கினார். அம்மா தாயே, இன்றைக்கு மட்டும் இந்த மனுஷனுக்குச் சுருக்கமாகப் பேசும் புத்தியைக் கொடு என்று வேண்டிக்கொண்டேன்.

“எல்லாருக்கும் வணக்கம். இந்த வருசம் மழை ஜாஸ்தி” என்றார். போச்சு.

மழையிலிருந்து மில் வரிசைக்குப் போனார். அங்கிருந்து பகாவ் பஸ் ஸ்டாண்டுக்கு. அங்கிருந்து, நிவேதிதாவைப் பல்கலைக்கழகத்தில் விடப் போன நாளுக்கு. “அன்னிக்கும் சரியான மழை. நானும் புள்ளையும் பெட்டியோட நனஞ்சுக்கிட்டு நிக்கறோம். ஒரு பெரிய மனுசன், இன்னொரு புள்ளையோட அப்பா, என்கிட்ட இங்கிலீஷ்ல என்னமோ கேட்டாரு. நான் தலைய ஆட்டுனேன். அவங்க எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எதுக்குச் சிரிச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அது பரவால்ல, நம்மளப் பாத்துச் சிரிச்சா என்னா. மழை வேற, நனஞ்ச மூஞ்சி.” அப்புறம் லாரியின் டயர் வந்தது, தார்ப்பாய் வந்தது, கோப்பிக் கடை வந்தது. “கோப்பிக் கடையில புள்ள படிப்பக் கேட்டாங்க. சொன்னேன். சிரிச்சாங்க. அன்னிக்கு எனக்குக் கோப்பி எறங்கல. வெளிய மழை, போகவும் முடியல.” மறுபடியும் மழைக்குள் புகுந்துவிட்டார். மூன்று பேனரில் எது சரி என்று அவர் சொல்லவே இல்லை. கூட்டம் நெளிய ஆரம்பித்தது.

மேனேஜர் நிவேதிதா பக்கம் குனிந்து என்னவோ கேட்டார். அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். நிறையச் சொல்லவில்லை. மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என்னடா சொன்னா?” என்று தம்பியின் கையைக் கிள்ளினேன்.

அவன் தொண்டையைச் செருமினான். “தன்னப் பாத்துச் சிரிச்சா அப்பா தாங்கிக்குவாரு, என்னப் பாத்துச் சிரிச்சா தாங்க மாட்டாரு. அதனால ஒவ்வொருத்தருக்கும் அவங்க சிரிக்க முடியாத வேலையா பாத்துச் சொல்லிட்டாரு. அப்படின்னு சொல்றாக்கா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவில்லை. இத்தனை வருஷம் இந்த மனுஷனோடு குடும்பம் நடத்தியவள் நான். எனக்கு இது தெரியவில்லையே!

மேனேஜர் மறுபடியும் ஏதோ கேட்டார். நிவேதிதா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துப் பதில் சொன்னாள். மேனேஜரும் சிரித்தார்.

“இப்ப என்னடா?”

“இவ்ளோ நேரம் பேசறாரே, அவ்ளோதானான்னு கேக்கறாரு. அவ சொல்றா...” தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டான். “மீதியெல்லாம் மழை, சார்ங்கறா.”

மணியம் அப்போதும் மைக்கை விடவில்லை. நிவேதிதா எழுந்து மேடைக்குப் போய், அவர் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கினாள். “நான் படிச்சது இங்கிலீஷ் இலக்கியம். இன்னும் வேலை கெடைக்கல. தேடிக்கிட்டு இருக்கேன்” என்றாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. தேவன்தான் முதலில் கை தட்டினார், முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது, வக்கீல் போய்விட்டாரே. வள்ளியம்மா மாலையைக் கொண்டுவந்து போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நிவேதிதா கட்டி வைத்த பையை எடுத்து வாசலில் வைத்தாள். இராஜமாணிக்கம் அதைத் தூக்கி மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

“மாமா, பேச்சு பேச்சுதானே?” என்றாள்.

“பேசுனது நான்தானே? நானே மாத்திக்கறேன். அடுத்த திருவிழா வரைக்கும் தேடு” என்றான். “அன்னிக்கு நீ யாருன்னு கேட்டேன்ல, ஆயி. இன்னிக்குப் பாத்துட்டேன். உன்ன என் ஆபீஸ்ல உக்கார வச்சா எனக்குத்தான் பாவம்.” அவனும் அழுதான். பெரிய லாரி கம்பெனி முதலாளி, என் முந்தானையில் மூக்கைத் துடைத்தான்.

புதன்கிழமை பெட்டாலிங் ஜெயாவிலிருந்து போன் வந்தது. வேலை உண்டு. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் என்றார்கள். அந்த லாரி ஓட்டுகிற அப்பாவை ஆபீசில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தார்களாம். மணியம் அன்றைக்கு மில்லுக்குப் போன வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஆட்களிடம் சொல்லியிருக்கிறார். “படத்துக்குக் கீழ எழுத்து ஓடுதுல்ல, அத எழுதறது என் மக.” சிரித்தவனும் இருந்திருப்பான். அவர் நின்று பார்க்கவில்லை போலும்.

அவள் கிளம்புகிற அன்று காலை தம்பினிலிருந்து மாமாவின் லாரி ஒன்று வந்து வாசலில் நின்றது. பின்னால் அந்த நாற்காலி, பிளாஸ்டிக் பிரிக்காமல், கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பக்கத்திலேயே இராஜமாணிக்கம் நின்றான்.

“எந்த வேலையா இருந்தாலும் உக்காந்துதானே செய்யணும். எடுத்துட்டுப் போ” என்றான்.

மணியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “மாணிக்கம், நான் ஒண்ணு சொல்லணும்லா. போன வருசம் ஒரு நாளு, தம்பின் ரோட்டுல நான் வண்டிய நிப்பாட்டுனேன் பாரு...”

நிவேதிதா லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“மாமா, அப்பா தேங்க்ஸ் சொல்றாரு” என்றாள்.

லாரி கிளம்பிப் பெரிய ரோட்டு முனையில் திரும்பியது. இவர் அப்போதுதான் மழையை ஆரம்பித்திருந்தார்.